திசையும் தெருவும்: அறிதல்சார் மொழியியல் குறித்துச் சில குறிப்புகள்

தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் மொழியியல் என்பது சசூரோடு தொடங்கி ஏறக்குறைய சசூரோடு நின்றுபோன ஒன்று. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தது. அதன்பின் குறி, குறிப்பான், குறிப்பீடு, வேறுபாடு என்று நாம் நிறையவே எழுதியாயிற்று. நான் எம்.ஏ. தமிழ் படிக்க வந்தபோது இந்தச் சொற்களுக்கே வயதாகிவிட்டிருந்தது. ஆனாலும் பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டித்தான் நானும் கற்றுக்கொண்டேன். ‘மொழிதான் உலகைக் கட்டமைக்கிறது’ என்ற வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதும்போதெல்லாம் அது ஏற்கனவே நிரூபிக்கப்பட்டுவிட்ட உண்மை மாதிரி இருக்கும். அதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

சோதித்திருக்கிறார்கள். அதுவும் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்களையும் நகரத்து ஆட்களையும் வைத்தே. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளரின் கட்டுரை ‘காக்னிட்டிவ் லிங்க்விஸ்டிக்ஸ்’ ஆய்விதழில் 1995இல் வெளியாகியிருக்கிறது. இங்கே அமைப்பியலா, பின்னமைப்பியலா, மார்க்சியமா என்று வரிந்துகட்டிச் சண்டை நடந்த காலம் அது. சண்டை போட்டவர்களில் யாரும் அக்கட்டுரையைக் குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கே அது தெரியவந்தது அண்மையில்தான். நம்மைப் பற்றிய ஆய்வு நம்மை எட்டாமலேயே முப்பது ஆண்டு ஓடியிருக்கிறது.

அந்த ஆய்வையும் அதைச் சுற்றி இன்றுவரை நடக்கிற விவாதத்தையும் சொல்லத்தான் இக்கட்டுரை. சொல்லிவிட்டு, அந்த விவாதம் தொடாத ஓர் இடத்தையும் தொட்டுக்காட்ட வேண்டும்.

முதலில் பின்னணி. அறிதல்சார் மொழியியல் சாம்ஸ்கிக்கு எதிர்வினையாகப் பிறந்தது. இலக்கணம் என்பது மூளையில் தனி அறையில் பூட்டிவைத்த ஓர் உறுப்பு என்பதை இவர்கள் ஏற்பதில்லை. பார்ப்பது, நடப்பது, நினைவில் வைப்பது, வகைப்படுத்துவது ஆகிய பொது ஆற்றல்களிலிருந்துதான் மொழியும் பிறக்கிறது என்பது இவர்கள் கட்சி. லேக்காஃபும் ஜான்சனும் 1980இல் எழுதிய உருவகம் பற்றிய நூல் இதில் பெயர்பெற்றது. உருவகம் என்பது கவிஞன் செய்கிற அலங்காரமல்ல, அன்றாடச் சிந்தனையே உருவகத்தால் ஆனது என்றார்கள். ‘மேலே’ என்றால் நல்லது, அதிகம், உயர்வு. ‘கீழே’ என்றால் கெட்டது, குறைவு, தாழ்வு. நிமிர்ந்து நிற்கிற உடம்பிலிருந்து வருகிற உருவகம் இது. தமிழில் மேலோர், கீழோர், மேன்மை, கீழ்மை என்று நாமும் அடுக்கலாம். இதை இங்கே விட்டுவைக்கிறேன், பிறகு வர வேண்டியிருக்கிறது.

1991இல் ஹாலந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வெளி பற்றியது. இடத்தைக் குறிக்க மனிதர்களுக்குப் பல வழிகள் உண்டு. ‘மரத்துக்கு இடப்பக்கம் ஆள் நிக்கிறான்’ என்றால் பார்க்கிறவனின் உடம்பு மையம்; அவன் மறுபுறம் போய் நின்றால் இடம் வலமாகிவிடும். இதைத் தன்மையச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். ‘மரத்துக்கு வடக்க ஆள் நிக்கிறான்’ என்றால் யார் எங்கே நின்று பார்த்தாலும் வடக்கு வடக்குதான். இது திசைச் சட்டகம். (இலக்கணத்தில் படித்த திசைச்சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ‘வீட்டுக்கு முன்னால’ என்பதுபோலப் பொருளின் சொந்த முகத்தை வைத்துச் சொல்வது மூன்றாவது வகை.

மனித உடம்பு எங்கும் ஒன்றுதான், ஆகவே இட-வலம் எல்லா மொழிக்கும் அடிப்படை என்றுதான் தத்துவவாதிகளும் உளவியலாளர்களும் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழி அந்த நம்பிக்கையை உடைத்தது. ‘கங்காரு’ என்ற சொல்லை 1770இல் குக்கின் கப்பலுக்குக் கொடுத்த மொழி இதுதான். அதில் பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்ல இடம், வலம் என்பதே இல்லை, எல்லாம் திசைதான். அம்மொழிப் பெரியவர் ஒருவர், தாம் போன படகு கவிழ்ந்த கதையை 1980இல் ஜான் ஹாவிலண்டிடம் சொன்னார். 1982இல் அதே கதையை லெவின்சனிடம் சொன்னார். முதல்முறை மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்ததைக் கையால் தனக்கு முன்புறமாக உருட்டிக் காட்டினார். இரண்டாம் முறை வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்தது. படம்பிடித்ததை ஒப்பிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சோதனை எளிமையானது. நீங்கள் வடக்கு பார்த்து நிற்கிறீர்கள். மேசையில் மூன்று பொம்மை விலங்குகள் வரிசையாக, எல்லாம் உங்களுக்கு வலப்பக்கம், அதாவது கிழக்கு, பார்த்து நிற்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு உங்களைத் தெற்கு பார்க்கத் திருப்பி, வேறொரு மேசையில் ‘அதேபோல’ அடுக்கச் சொல்கிறார்கள். திரும்பவும் வலம் பார்க்க அடுக்கினால் நீங்கள் தன்மையக்காரர். விலங்குகள் இப்போது மேற்கு பார்க்கும். கிழக்கு பார்க்க அடுக்கினால் திசைக்காரர். சோதனையில் பேச்சே தேவையில்லை. எந்த மொழி எந்தச் சட்டகத்தைப் பேச்சில் அதிகம் பயன்படுத்துகிறதோ, அம்மொழியினர் கையும் பெரும்பாலும் அதன்படியே அடுக்கியது.

அப்படியென்றால் வோர்ஃப் சொன்னது சரி, மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று நாம் கைதட்டியிருக்கலாம். இங்கேதான் தமிழ் வருகிறது. பெடர்சன் பார்த்தது என்னவென்றால், நகரத் தமிழர்கள் மேசைமேல் உள்ள சிறு பொருள்களை இடம்-வலம் என்கிறார்கள். கிராமத்துத் தமிழர்கள் அதே பொருள்களை வடக்கு-தெற்கு என்கிறார்கள். அடுக்குவதிலும் அந்தச் சாய்வு தெரிந்தது. இலக்கணம் ஒன்று. அகராதி ஒன்று. இருவருக்குமே இடது, வலது, வடக்கு, தெற்கு எல்லாச் சொல்லும் தெரியும். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் பழக்கம் வேறு. ஆகவே சிந்தனையோடு ஒட்டியிருப்பது ‘தமிழ்’ என்ற மொழியமைப்பு அல்ல, அம்மொழிக்குள் ஒரு கூட்டம் அன்றாடம் புழங்குகிற பேச்சு. சசூரின் சொற்களில் சொன்னால் லாங் அல்ல, பரோல். நாம் லாங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது விஷயம் பரோலில் கிடந்திருக்கிறது.

எனக்கு இதைப் படித்தவுடன் அப்பத்தாதான் ஞாபகம் வந்தது. ‘அந்தச் செம்ப கொஞ்சம் மேக்க நகத்தி வையிடா’, ‘தெக்க தள்ளிப் படு, ஒங்க அத்தையும் படுக்கணும்ல’, ‘ஓன் கன்னத்துல சோறு ஒட்டியிருக்கு பாரு, வடக்காம’. கடைசியாகச் சொன்னது மிகையல்ல. நான் கன்னத்தைத் திருப்பினால் திசையும் மாறிவிடுமே என்ற கவலை அவளுக்கு இருந்ததில்லை. இடம், வலம் என்ற சொற்களை அவள் வெளியைக் குறிக்கப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவளுக்கு அவை கைகள்: சோத்தாங்கை, பீச்சாங்கை. ஏரில் பூட்டும்போது வலத்து மாடு, இடத்து மாடு. அவ்வளவுதான். வெளியில் இட-வலத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்து லெஃப்ட்-ரைட்டும், பிறகு பஸ் கண்டக்டரும். செல்பேசியின் வரைபடக் குரலும் இன்று அதையேதான் செய்கிறது. புறப்படும்போது ஒரே ஒருமுறை ‘வடமேற்கு நோக்கி’ என்று ஏதோ சொல்லும், எல்லோரும் குழம்புவது அந்த இடத்தில்தான்.

விவாதம் இதோடு முடியவில்லை. 2002இல் பெகி லீயும் லீலா க்ளைட்மனும் எதிர்த்து எழுதினார்கள். அமெரிக்க மாணவர்களையே வெளிக்காட்சி தெரிகிற இடத்தில் வைத்துச் சோதித்தால் அவர்களும் சுற்றுப்புறத்தை ஒட்டியே அடுக்குகிறார்கள்; ஜன்னலை மூடினால் இட-வலத்துக்கு வந்துவிடுகிறார்கள்; ஆகவே காரணம் மொழியல்ல, சூழல் என்றார்கள். லெவின்சன் குழு உடனே மறுத்தது. 2011இல் லீ குழு மெக்சிகோவின் ட்செல்ட்டல் மக்களிடம் போய், சரியான விடை ஒன்றுதான் என்கிற மாதிரிக் கேள்வியை அமைத்தால் அவர்களால் இட-வலக் கணக்கையும் போட முடிகிறது என்று காட்டியது. அதே 2011இல் டேனியல் ஹான் முதலியோர் நமீபியாவின் ஹாய்-ஓம் குழந்தைகளையும் டச்சுக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, பழகாத சட்டகத்தில் அடுக்கச் சொன்னால் இருதரப்புக் குழந்தைகளும் தடுமாறுகிறார்கள் என்று காட்டினார்கள். முடியுமா என்பது வேறு, கேட்காமலே எது வருகிறது என்பது வேறு. இருதரப்பும் பாதி சரி என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அண்மை ஆய்வுகள் போகிற திசை (இந்தச் சொல்லைத் தவிர்க்கவே முடியவில்லை) எனக்கு முக்கியமாகப் படுகிறது. மொழியா, சூழலா என்ற எதிர்வே கலைந்துகொண்டிருக்கிறது. பில் பாமர், ஜோனதன் லம் உள்ளிட்டோர் 2017இல் எழுதியதைப் பாருங்கள். மாலத்தீவின் லாமு பவளத்தீவுகளில் எல்லோரும் திவேஹி பேசுகிறார்கள். கடலும் மணலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் மீன்பிடித் தொழிலில் உள்ள ஊர்களில் திசைச்சொல் மிகுதி. வேறு தொழில் மிகுந்த ஊர்களில் இட-வலம் மிகுதி. நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, நிலத்தில் என்ன வேலை செய்கிறோம் என்பது தீர்மானிக்கிறது. மார்க்ஸை வாசித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. உழைப்பு என்ற சொல்லைத்தான் அவர்கள் பயன்படுத்தவில்லை.

இதைவிடச் சுவாரசியமானது பியர் தாசனும் ஆர்.சி. மிஸ்ராவும் செய்த ஆய்வு. பாலித் தீவு, இந்தியா, நேபாளம், ஜெனிவா என்று ஒப்பிட்டு 2010இல் நூலாக்கினார்கள். வாரணாசியில் சமஸ்கிருதப் பாடசாலைப் பிள்ளைகள், இந்திப் பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகமாகத் திசைச் சட்டகத்தில் சிந்திக்கிறார்கள் என்பது அதில் ஒரு முடிவு. சடங்கில் எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். ஆகத் திசையுணர்வு என்பது ‘மண்ணின் மைந்தர்கள்’ மட்டுமே வைத்திருக்கும் தொல்லறிவு அல்ல. உழுகிறவனுக்கு ஒரு வழியாக வருகிறது, ஓதுகிறவனுக்கு வேறு வழியாக வருகிறது. வாஸ்து பார்க்கிறவரும் திசைக்காரர்தான்.

2022இல் பெஞ்சமின் பிட் முதலியோர் பொலிவியாவின் சிமானே மக்களிடம் செய்த ஆய்வு இன்னொரு முடிச்சு. ஒரே ஆள், ஒரே பொழுதில், பொருள்கள் பக்கவாட்டில் இருந்தால் சுற்றுப்புறத்தை ஒட்டியும், முன்-பின்னாக இருந்தால் தன் உடம்பை ஒட்டியும் அடுக்குகிறார். ஒரு பண்பாட்டுக்கு ஒரு மனம் என்ற கணக்கே தப்பு. அதே ஆண்டில் டமியான் பிளாசியும் ஆசிஃபா மஜீதும் பிறரும், அறிதல் அறிவியல் ஆங்கிலத்தையே மனித மனம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்திருக்கிறது என்று நேரடியாகவே எழுதினார்கள். உள்ளிருந்து வருகிற விமர்சனம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவும் சரி. எனக்குள்ள சிக்கலுக்கு வருகிறேன்.

மெக்சிகோவின் சியாபாஸ், 1994 ஜப்பதிஸ்தா எழுச்சியால் நாம் பெயரறிந்த பகுதி. அங்கே தெனெஹாபாவில் ட்செல்ட்டல் பேசுகிறவர்கள் ‘மேட்டுப்பக்கம்’, ‘பள்ளத்துப்பக்கம்’ என்று இடத்தைக் குறிக்கிறார்கள். மலை தெற்கே உயர்வதால் மேடு என்றால் தெற்கு. சமதளமான மேசைமேல்கூட ஒரு குப்பி இன்னொன்றுக்கு ‘மேட்டில்’ இருக்கும். லெவின்சனும் பெனலோப் பிரவுனும் இதைப் பெரிய வியப்போடு எழுதியிருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ.க்காரனுக்கு வியப்பு குறைவு. மேற்கு என்பது மேல், கிழக்கு என்பது கீழ். மலை மேற்கே, சரிவு கிழக்கே என்று கால்டுவெல் ஒப்பிலக்கணத்திலேயே சொல்லிவிட்டார். மலையாளத்தையும் அவர் காட்டினார். கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே. ஆனாலும் அங்கே கிழக்கு ‘கிழக்கு’தான். மேற்குக்கு மட்டும் ஞாயிறு படுகிற ‘படிஞ்ஞாறு’. நிலம் தலைகீழானபின்னும் சொல் பழைய சரிவையே சுமந்துகொண்டிருக்கிறது.

இப்போது அந்த ‘மேலே நல்லது’ உருவகத்தைத் திரும்ப எடுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஊர் என்றால் மேலத்தெரு, கீழத்தெரு. எல்லா ஊரிலும் ஒரே அமைப்பு என்று சொல்லவில்லை. வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று இருக்கிற இடங்களும் உண்டு. எங்கள் ஊரில் கீழத்தெரு என்றால் தலித்துகள். நான் மேலத்தெருக்காரன். இதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத முடியாது. செம்பை மேற்கே நகர்த்தச் சொன்ன அதே அப்பத்தா, நான் சாயங்காலம் வீடு திரும்பும்போது கேட்பாள்: ‘கெழக்க போயிட்டு வாறியா?’ அந்தக் ‘கெழக்க’ செம்புக்குச் சொன்ன திசை அல்ல. காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று அதற்கு அர்த்தம். ‘கெழக்கருந்து ரெண்டு ஆளு வரச்சொல்லு’ என்றால் களையெடுக்க ஆள். சாதிப்பெயரை அவள் சொன்னதே கிடையாது. சொல்லத் தேவைப்படவில்லை. திசை சொல்லிவிட்டது.

படகு கவிழ்ந்த கதையில் திசை திசையாகவே இருந்தது. இங்கே நிலத்தின் சரிவு திசையாகி, திசை தெருவாகி, தெரு ஆளாகி, ஆள் மறுபடியும் ‘மேல்’, ‘கீழ்’ என்று உருவகமாகி நிற்கிறது. இந்தச் சங்கிலியில் எது வெளி பற்றிய அறிதல், எது சாதி பற்றிய அறிதல் என்று பிரிக்க என்னால் முடியவில்லை. அப்பத்தாவின் அபாரமான திசையுணர்வு என்று மேலே நான் எழுதியதில் ஒரு பகுதி, யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சதா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற உணர்வுதானோ? ஆய்வுலகில் எஞ்சி நிற்பவை ‘கிராமத்துத் தமிழர்’, ‘நகரத்துத் தமிழர்’ என்ற இரண்டு பெயர்கள். கிராமத்துத் தமிழர் என்று ஒருவர் இல்லை என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இட-வலம் மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. சோழர் காலந்தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை இங்கே சாதிகள் வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்றன. சென்னைப்பட்டணத்தில் 1707இல் மூண்ட தகராறே எந்தக் கையினர் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்பதுதான். கவர்னர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் ஒதுக்கிப் பார்த்தார். டேனியல் காசசாந்தோ 2009இல் காட்டியபடி, வலக்கைப் பழக்கத்தினர் வலப்பக்கத்தை நல்லதென்று எண்ணச் சாய்கிறார்கள், இடக்கைப் பழக்கத்தினர் இடப்பக்கத்தை. உடம்புக்கு ஏற்ற உருவகம். நம்மூரில் உடம்போடு நிற்காமல் கைக்கும் சாதி கட்டிவிட்டோம்.

சிறுவயதிலிருந்து எனக்கொரு நண்பன் உண்டு, கீழத்தெரு. இப்போது இருவரும் நகரத்தில்தான் இருக்கிறோம். அவன் அலுவலகத்தில் புதிதாக வந்தவர் ஊர்ப்பெயரைக் கேட்டார். சொன்னான். எங்களுக்கும் அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க என்று தொடங்கி, அடுத்த கேள்வி: ‘ஊருல எந்தத் தெரு?’ இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அவன் சொன்ன பதில்: ‘பஸ் ஸ்டாண்டுல எறங்கி லெஃப்ட்ல போனா மூணாவது ரைட்டு.’ திசைச் சட்டகத்திலிருந்து தன்மையச் சட்டகத்துக்கு மாறுவதை ஆய்வாளர்கள் பலரும் இழப்பாகவே எழுதுகிறார்கள். பள்ளிக்கூடமும் நகரமும் ஆங்கிலமும் ஓர் அறிவுமுறையை அழிக்கின்றன என்கிறார்கள். கூகு யிமிதிர் மக்களுக்கு அது உண்மை, அதன்பின்னே காலனியத்தின் கொடுமை இருக்கிறது. ஆனால் என் நண்பனின் வாயில் ‘லெஃப்ட்’ என்பது இழப்பா? அவனைப் பொறுத்தமட்டில் எங்கிருந்து பார்த்தாலும் மாறாத கிழக்கு என்பது ஒரு சிறை. நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகிற இட-வலத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. வட்டார வழக்கு அழிகிறதே என்று உருகி எழுதுகிற நம் எழுத்தாளர்கள் (நானும்தான்) இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே பெடர்சனின் சோதனையை இங்கே யாராவது மறுபடி செய்ய வேண்டும். ஒரே ஊரில், இரண்டு தெருவிலும் தனித்தனியாக. ஆண்களிடமும், அடுத்த தெருவுக்குள் போகவே கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண்களிடமும். அடுக்குவதோடு, யாரிடம் பேசும்போது யார் எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூன்று பொம்மையும் இரண்டு மேசையும் போதும்.

நான் பொம்மைகூட இல்லாமல் ஒருமுறை செய்துபார்த்தேன். ஒரே ஆளை வைத்துச் செய்தது சோதனை ஆகாது என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் அந்த நண்பனை வடக்கு பார்க்க நிறுத்தி, எதிரே பெஞ்சில் ஒரு கிளாஸ், ஒரு தீப்பெட்டி, அவன் பைக் சாவி மூன்றையும் வரிசையாக வைத்தேன். கிளாஸ் அவனுக்கு இடப்பக்கம். பிறகு அவனைத் திருப்பி, பின்னாலிருந்த திண்டில் அதேபோல வைக்கச் சொன்னேன். என்னடா வெளையாட்டு இது என்றபடியே வைத்தான். கிளாஸ் வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. ஏன் இப்படி வச்ச என்று கேட்டேன். ‘பின்ன? கிளாஸு மேக்கதான இருந்துச்சு?’ என்றான். அந்தச் சொல்லை அவன் வாயில் நான் கேட்டுப் பல வருஷமாயிற்று.